பெரிய நீலன்: ஓர் அரிய வண்ணத்துப்பூச்சி அழிந்ததும் மீண்டதும்

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. ஓர் அரிய பூச்சியினத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், அது வாழும் இடத்தைச் சுற்றி வேலி அடைத்து, மனிதரும் கால்நடையும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதாதா என்பது முதல் பகுதி. அந்தப் பூச்சி அழிந்தே போனாலும் அங்குள்ள உயிர்ச்சூழலுக்கு அப்படி என்ன குறைந்துவிடும் என்பது இரண்டாவது பகுதி.

பொதுப்படையாக விடை சொல்வதைவிட, இந்த இரண்டு கேள்விகளுக்கும் களத்திலேயே விடை கிடைத்த ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். பிரிட்டனில் 1979ஆம் ஆண்டு அற்றுப்போய், பின்னர் மீட்கப்பட்ட பெரிய நீலன் வண்ணத்துப்பூச்சிதான் அது. அறிவியல் பெயர் பெங்காரிஸ் அரியான். பழைய நூல்களில் மாக்குலினியா அரியான் என்று இருக்கும். இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கான விடையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: வேலி அதைக் காப்பாற்றவில்லை, அதன் அழிவை விரைவுபடுத்தியது. ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள அதன் வாழ்க்கையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் வாழும் நீலன் வகை வண்ணத்துப்பூச்சிகளில் உருவத்தில் பெரியது இதுதான். சிறகு விரித்த நிலையில் 4 முதல் 5 செ.மீ. வரை இருக்கும், மேற்புறம் பளிச்சென்ற நீலம், முன்சிறகில் கருமையான பொட்டுகள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை பறக்கும் பருவம் என்றாலும், ஒவ்வொரு பூச்சியும் சிறகோடு வாழ்வது சில நாட்களே. அந்தச் சில நாட்களுக்குள் பெண் பூச்சி, தரையோடு படரும் மணமுள்ள சிறுசெடியான காட்டுத் தைமின் பூமொட்டுகளைத் தேடிச் சென்று, மொட்டுகளுக்கு இடையில் முட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி வைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு இரண்டு மூன்று வாரங்கள் தைம் பூவையும் இளம் விதையையும் தின்கிறது. ஒரே பூங்கொத்தில் இரண்டு புழுக்கள் இருந்துவிட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடுவதும் உண்டு. இதுவரை எந்த வண்ணத்துப்பூச்சியும் செய்யக்கூடியதுதான். இதற்குப் பிறகு நடப்பதுதான் வேறு.

கடைசித் தோலுரிப்பு முடிந்ததும், ஏறத்தாழ 4 மி.மீ. நீளமே உள்ள அந்தப் புழு, தின்பதை நிறுத்திவிட்டுச் செடியிலிருந்து தரையில் விழுகிறது. விழுவதற்கு அது பெரும்பாலும் மாலை வேளையையே தேர்ந்துகொள்கிறது. மிர்மிக்கா எனப்படும் செவ்வெறும்புகள் இரை தேடி அதிகமாக நடமாடும் நேரம் அது. புழு எங்கும் நகர்ந்து போவதில்லை. விழுந்த இடத்திலேயே காத்திருக்கிறது. எறும்பு ஒன்று அதைத் தொட்டுவிட்டால், புழு தன் முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து இனிப்பான துளியைச் சுரந்து கொடுக்கிறது. எறும்பு உணர்கொம்புகளால் தட்டித் தட்டி அதைப் பருகுகிறது. சில வேளைகளில் இந்த உபசாரம் மணிக்கணக்கில் நீள்கிறது. திடீரென்று புழு உடலின் முன்பகுதியை நிமிர்த்தி வளைத்து ஒரு தோரணை காட்டும். மேல்தோலின் வேதிப்பொருளும் அந்தத் தோரணையும் தொடு உணர்வும் சேர்ந்து, இது நம் கூட்டிலிருந்து தவறி விழுந்த இளம்புழு என்று எறும்பை நம்பவைக்கின்றன. எறும்பு அதைக் கவ்வித் தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் போகிறது.

கூட்டுக்குள் போனதும் அது எறும்புகளின் இளம்புழுக்களைத் தின்னத் தொடங்குகிறது. காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு காக்கை ஊட்டுவதைத்தான் வாங்கித் தின்னும். இதுவோ தன்னைத் தூக்கி வந்தவர்களின் பிள்ளைகளையே தின்று வளர்கிறது. கூட்டின் ஒரு மூலையில் பட்டிழையாலான திட்டின்மேல் ஒதுங்கிக் கிடந்து, அவ்வப்போது குஞ்சறைக்கு வந்து வயிறு நிறையத் தின்றுவிட்டு மீண்டும் ஒதுங்கிவிடும். பெரிய இளம்புழுக்களை முதலில் தின்று, சிறியவற்றை வளரவிடுவதும் பதிவாகியிருக்கிறது. இதனால் கூட்டிலுள்ள உணவு நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது. ஏறத்தாழ 10 மாதங்கள் மண்ணுக்கடியில் இப்படிக் கழிகின்றன. சில புழுக்கள் இன்னும் ஓர் ஆண்டு கூடுதலாகத் தங்குகின்றன. புழுவின் இறுதி எடையில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்கு இந்த எறும்புக் கூட்டில்தான் சேர்கிறது. தைம் செடி கொடுத்தது மீதியுள்ள சிறு பங்கு மட்டுமே. கூட்டிலேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த கோடையில் ஒரு காலை வேளையில் சிறகு விரியாத பூச்சியாக எறும்புகளின் சுரங்கப் பாதை வழியே ஊர்ந்து வெளியே வந்து, புல்லில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைக்கிறது.

எறும்புக் கூட்டில் இது வாழ்கிறது என்ற செய்தி 1915ஆம் ஆண்டளவில்தான் வெளிப்பட்டது. அதன்பின் பியூர்ஃபாய் என்ற ஆர்வலர் வால்நட் (அக்ரூட்) கொட்டை ஓடுகளுக்குள் எறும்புகளைக் குடியேற்றி, அதில் புழுவை வளர்த்து, முழு வாழ்க்கைச் சுற்றையும் கண்ணால் பார்த்தார். எனவே செவ்வெறும்பு தேவை என்பது அறுபது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் இந்தப் பூச்சி அழிந்தது. இந்த உண்மையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓர் உயிரினத்தின் வாழ்க்கைக் கதை தெரிந்திருப்பது வேறு. அது எந்த இடத்தில், எந்த அளவில் தோற்றுப்போகிறது என்று தெரிந்திருப்பது வேறு.

பிரிட்டனில் இந்த இனம் 1795ஆம் ஆண்டு முதன்முதலாகப் பதிவானபோதே அரியதாகத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் அடுக்கும் வழக்கம் பரவியிருந்ததால், எண்ணிக்கை குறைந்ததற்கு எல்லோரும் சேகரிப்பாளர்களையே குற்றம் சாட்டினார்கள். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. வலையோடு வருகிறவன் கண்ணுக்குத் தெரிகிறான், மண்ணுக்கடியில் நடப்பது தெரிவதில்லை. ஆகவே எஞ்சியிருந்த இடங்கள் காப்பகங்களாக்கப்பட்டன. 1930களில் ஓரிடத்தில் சேகரிப்பாளர்களைத் தடுக்க வேலியும் போட்டார்கள். சேகரிப்பாளர்கள் நின்றுவிட்டார்கள், கூடவே மேய்ச்சலும் நின்றுவிட்டது. புல் உயர்ந்தது; வேலிக்குள் இருந்த பூச்சிகள் விரைவிலேயே மறைந்தன. மற்றக் காப்பகங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக இதே கதி நேர்ந்தது. உழுது பயிரிடப்பட்ட நிலங்களில் அது அழிந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உழப்படாத, தைம் செடி வழக்கம்போல் பூத்துக் கிடந்த, செவ்வெறும்புகளும் நிறைந்திருந்த சரிவுகளிலும் அது இல்லாமல் போனதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

அந்தப் புதிரை அவிழ்த்தவர் ஜெரமி தாமஸ் என்ற சூழலியலாளர். 1972ஆம் ஆண்டு முதல், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எஞ்சியிருந்த கடைசிப் பூச்சிக் கூட்டத்தோடு பல கோடைகளைக் கழித்தார். அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. பூச்சி இட்ட முட்டைகள் எத்தனை, அவற்றில் பொரித்தவை எத்தனை, பூவில் பிழைத்தவை, தரையில் விழுந்தவை, எறும்பு தூக்கிச் சென்றவை, கூட்டிலிருந்து வெளிவந்தவை எத்தனை என்று வாழ்க்கையின் ஒவ்வொரு படியிலும் இழப்பைக் கணக்கிட்டு ஐந்தொகை போட்டார். முட்டை குறைவா, பறவை தின்றதா, வானிலை கெடுத்ததா, உறவுக்குள் இனம்பெருக்கி நலிந்ததா என்று அதுவரை பேசப்பட்ட ஊகங்கள் ஒன்றுக்கும் அந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. பெரும் இழப்பு எறும்புக் கூட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது.

செவ்வெறும்பு என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டவற்றில் பல இனங்கள் உண்டு. பார்வைக்கு அவை ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய உணர்கொம்பின் அடிப்பகுதியை உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே விழுந்த புழுவை எந்த மிர்மிக்கா இனமும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஓர் இனத்தின் கூட்டில் மட்டும்தான் வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தைத் தாங்கும் அளவுக்குப் புழுக்கள் பிழைக்கின்றன. மிர்மிக்கா ஸ்காபிரினோடிஸ் போன்ற மற்ற இனங்களின் கூட்டில் பிழைப்பு விகிதம் பல மடங்கு குறைவு. ஒரு பூச்சியை வளர்த்து வெளியே அனுப்பச் சபுலெட்டி கூடு ஒன்றில் ஏறத்தாழ 350 வேலைக்கார எறும்புகளாவது இருக்க வேண்டும் என்றும் தெரியவந்தது. ஒரே கூட்டுக்குள் பல புழுக்கள் போய்விட்டால் இரை தீர்ந்து எல்லாமே பட்டினியில் மடியும். அதோடு, எறும்புகள் இரை தேடி நடமாடும் எல்லை கூட்டைச் சுற்றி ஏறத்தாழ 2 மீட்டர்தான் என்பதால், அந்த வட்டத்துக்குள் பூக்கும் தைம் செடி இருந்தால்தான் அங்கே விழும் புழுவுக்கு வழி.

சபுலெட்டி எங்கே செழிக்கும் என்பது அடுத்த கேள்வி. இந்த எறும்புக்கு வெதுவெதுப்பான மண் வேண்டும். குளிர்ந்த பிரிட்டனில், தெற்கு நோக்கிய சரிவில், புல் 3 செ.மீ.க்கும் குறைவாகக் கறம்பப்பட்டிருக்கும் இடத்தில்தான் வெயில் நேரடியாக மண்ணில் படும். புல் சில செ.மீ. உயர்ந்துவிட்டால் போதும், மேல்மண்ணின் வெப்பம் 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குறைகிறது. சபுலெட்டி பின்வாங்க, குளிரைத் தாங்கும் ஸ்காபிரினோடிஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அதே சரிவு, அதே தைம் பூ, அதே நிறத்தில் எறும்பு. பெண் பூச்சியும் வழக்கம்போல் வந்து முட்டையிடும். புழுவையும் எறும்பு தூக்கிக்கொண்டு போகும். அடுத்த கோடையில் மட்டும் எதுவும் வெளியே வராது.

புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை ஆடு, மாடு, முயல் ஆகிய மூன்றும். சரிவான வறண்ட நிலத்தில் ஆடு மாடு மேய்ப்பது வருமானத்துக்குக் கட்டுபடியாகாமல் போனதால் விவசாயிகள் அந்த நிலங்களைக் கைவிட்டார்கள். முயல்கள் ஓரளவு ஈடுகட்டிக்கொண்டிருந்தன. 1953ஆம் ஆண்டு மிக்சோமாட்டோசிஸ் என்ற நச்சுயிரி நோய் பிரிட்டனுக்குள் வந்து, சில ஆண்டுகளிலேயே முயல்களில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது. முயலுக்கு வந்த நோய் புல்லை உயர்த்தி, மண்ணைக் குளிரவைத்து, எறும்பை மாற்றி, வண்ணத்துப்பூச்சியின் எண்ணிக்கையைச் சரித்தது. சூழலியலில் சங்கிலித் தொடர் என்று பலரும் பேசுவார்கள். ஒவ்வொரு கண்ணியும் அளந்து காட்டப்பட்ட சங்கிலி இது.

கண்டுபிடிப்பு காலம் கடந்து வந்தது. காரணம் தெளிவான நேரத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு சிறு கூட்டம். அந்த இடத்தில் மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சபுலெட்டியும் பெருகத் தொடங்கியது. ஆனால் 1975, 1976 ஆண்டுகளின் கடும் வறட்சியில் தைம் செடிகள் கருகின. ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்த கூட்டம் அதிலிருந்து எழவில்லை. 1979ஆம் ஆண்டு பிரிட்டனில் பெரிய நீலன் அற்றுப்போனது. ஓரிரு பத்தாண்டுகள் முன்னால் எறும்பை இனம் பிரித்துப் பார்த்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்பதே என் கணிப்பு. இந்த இழப்பில் என்னை மிகவும் வருத்துவதும் அதுதான்.

மீட்பு வேலை பூச்சியில் தொடங்கவில்லை, நிலத்தில் தொடங்கியது. புதர்களை வெட்டி, கால்நடைகளைச் சரிவில் ஏற்றி, சபுலெட்டி கூடுகள் போதிய அடர்த்திக்கு வரும்வரை காத்திருந்தார்கள். பிறகுதான் எங்கிருந்து பூச்சியைக் கொண்டுவருவது என்ற கேள்வி. ஸ்வீடன் நாட்டுக்குச் சொந்தமான ஓலண்ட் தீவின் கூட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்குள்ள பூச்சி பறக்கும் காலமும் பிரிட்டனில் தைம் மொட்டுவிடும் காலமும் ஒத்துப்போனது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பூச்சி ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ வந்தால் முட்டையிட ஏற்ற மொட்டு இருக்காது. 1983ஆம் ஆண்டு முதல் தொகுதி டெவனில் விடப்பட்டது. 1990களில் சாமர்செட் பகுதியின் போல்டன் குன்றுகளுக்கும், 2000ஆம் ஆண்டு அங்குள்ள காலர்டு குன்றுக்கும் விரிந்தது. காலர்டு குன்று பொதுமக்கள் சென்று பார்க்கும் இடம் என்பது குறிப்பிடத்தக்கது. நிலம் சரியாக இருந்தால் மனித நடமாட்டம் ஒன்றும் குறையாகிவிடவில்லை.

க்ளஸ்டர்ஷயரில் உள்ள ராட்பரோ பொதுநிலத்தில் நடந்ததை இன்னும் விவரமாகச் சொல்லலாம். ஒன்றரை நூற்றாண்டாகப் பெரிய நீலன் காணப்படாத இடம் அது. சில ஆண்டுகள் புதரைக் கட்டுப்படுத்தி, தற்காலிக மின்வேலிகளைக்கொண்டு சிறு மாட்டு மந்தையை வேண்டிய பகுதிகளில் மட்டும் மேயவிட்டு, எறும்புகளை எண்ணி, நிலம் தயார் என்று உறுதியான பிறகு 2019ஆம் ஆண்டு 1,100 புழுக்கள் விடப்பட்டன. அடுத்த ஆண்டுக் கோடையில் அங்கே ஏறத்தாழ 750 பூச்சிகள் பறந்தன. 2022ஆம் ஆண்டு, பிரிட்டன் முழுவதற்குமான கணக்கில், 150 ஆண்டுகளில் பெரிய நீலனுக்கு மிகச் சிறந்த கோடை என்று அந்தப் பணியில் ஈடுபட்டவர்கள் அறிவித்தார்கள். இங்கேயும் வேலி இருந்ததைக் கவனியுங்கள். 1930களின் வேலி மாட்டை வெளியே நிறுத்தியது. இந்த வேலி மாட்டை உள்ளே நிறுத்தியது.

மேய்ச்சல் என்றால் ஆண்டு முழுவதும் மேய்ச்சல் என்றும் பொருளல்ல. தைம் பூத்து, பூச்சி முட்டையிட்டு, புழு பூவில் இருக்கும் கோடை வாரங்களில் கால்நடைகளை விலக்கிவிட வேண்டும். இல்லையென்றால் முட்டையோடு சேர்ந்த பூவையும் அவை மேய்ந்துவிடும். இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் மேயவிட்டு, புல்லைக் குட்டையாக்கி வைக்க வேண்டும். புல் எத்தனை செ.மீ., எறும்புக் கூடு எத்தனை அடிக்கு ஒன்று, தைம் எவ்வளவு பூத்தது என்று ஆண்டுதோறும் அளந்து, அதற்கேற்ப மந்தையைக் கூட்டியும் குறைத்தும் நடத்துகிறார்கள். நிதி கேட்பவர்களும் கொடுப்பவர்களும் பெரும்பாலும் பூச்சியைத் திறந்துவிடும் நாளைப் பற்றியே பேசுகிறார்கள். இருபது ஆண்டுகள் மாடு ஓட்ட ஆள் இருக்கிறாரா என்பதுதான் முதலில் கேட்கப்பட வேண்டியது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரிய நீலன் அழிந்தால் அந்தப் புல்வெளிக்கு என்ன குறையும்? இதற்கு மிகைப்படுத்தாமல் விடை சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். அது அங்கே முதன்மையான மகரந்தச் சேர்க்கையாளர் அல்ல; தைம் செடிக்கு வந்துபோகத் தேனீக்களும் வண்டுகளும் நிறைய உண்டு. அது பல விலங்குகளுக்கு இன்றியமையாத உணவும் அல்ல. 1979க்குப் பிறகு அது இல்லாத சரிவுகள் இடிந்து விழுந்துவிடவில்லை. ஒவ்வொரு பூச்சியும் போனால் உலகமே போய்விடும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சு கேட்பவரின் நம்பிக்கையைத்தான் குலைக்கிறது.

அதற்காக அதற்கு இடமே இல்லை என்றும் ஆகாது. சபுலெட்டி கூடுகளில் புழு புகுந்து குஞ்சுகளைத் தின்றுவிடும்போது சில கூடுகள் நலிந்து அழிகின்றன. காலியான இடத்தில் பக்கத்துக் கூடுகளிலிருந்து பிரிந்து வரும் எறும்புகள் குடியேறுகின்றன. எறும்புக் கூட்டங்களுக்கு இடையேயான போட்டியில் இந்தப் பூச்சி ஓயாமல் கைவைத்துக்கொண்டே இருக்கிறது. எறும்புகளோ அந்தப் புல்வெளியின் மண்ணைக் கிளறுகின்றன, சிறு பூச்சிகளை வேட்டையாடுகின்றன, வயலட் போன்ற செடிகளின் விதைகளை அவற்றின் கொழுப்புச் சதைக்காகத் தூக்கிச் சென்று கூட்டருகே போட்டு முளைக்கவைக்கின்றன. அந்த வயலட் இலைகளைத் தின்றே பிரிட்டிலரி வகை வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் வளர்கின்றன. இப்படி எறும்பை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் பெரிய நீலன் எந்த வலையின் எந்த முடிச்சில் இருக்கிறது என்பது தெரியும்.

அரிய இனத்தை நம்பி அதைவிட அரிய இனம் வாழ்வதும் உண்டு. பெரிய நீலனின் நெருங்கிய உறவினமான மலை ஆல்கன் நீலனும் எறும்புக் கூட்டில்தான் வளர்கிறது. அந்தப் புழுவின் உடலில் மட்டுமே முட்டையிடும் இக்னியூமன் யூமெரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி ஒன்று இருக்கிறது. எந்த எறும்புக் கூட்டுக்குள் நீலன் புழு இருக்கிறது என்பதை அது மணத்தால் கண்டறிந்து உள்ளே நுழைகிறது. தன் உடலிலிருந்து ஒரு வேதிக் கலவையை வெளியிட்டு எறும்புகளை ஒன்றோடொன்று சண்டையிடவைக்கிறது. அந்தக் கலவரத்துக்கு நடுவில் புழுவை அடைந்து முட்டையிட்டுவிட்டு வெளியேறுகிறது. 2002ஆம் ஆண்டு இது ஆய்வாக வெளியானது. அந்த நீலன் ஒரு பள்ளத்தாக்கில் அழிந்தால், குளவியும் அங்கே அழியும். குளவிக்காக யாரும் காப்பகம் அமைப்பதில்லை. வண்ணத்துப்பூச்சிக்காக அமைத்த காப்பகத்தில்தான் அது உயிர் வாழ வேண்டும்.

என் பார்வையில் இன்னும் முக்கியமான பங்கு வேறொன்று. குட்டையான, வெதுவெதுப்பான, பூ நிறைந்த சுண்ணாம்புப் புல்வெளி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதை எந்தக் கருவியையும்விட நுட்பமாக இந்தப் பூச்சி காட்டிக்கொடுக்கிறது. தைம், எறும்பு, புல்லின் உயரம், மேய்ச்சலின் காலம் என நான்கும் ஒரே இடத்தில் பொருந்தினால்தான் அது இருக்கும். ஒன்று தவறினாலும் இராது. பெரிய நீலனுக்காகச் சீர்செய்த சரிவுகளில் அருகிவரும் ஷ்ரில் கார்டர் என்ற காட்டு வண்டுத்தேனீயும், எண்ணெய் வண்டுகளில் ஒன்றும், அரிய பூச்செடிகளும் பலன் பெற்றன. அவற்றுக்கெனத் தனித்தனியே திட்டம் போட்டிருந்தால் ஒன்றுக்குக்கூட நிதி கிடைத்திருக்காது. ஒரே பூச்சிக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்: செலவானது ஒரு வகைப் புல்வெளியைத் திரும்பப் பெறுவதற்கு, பூச்சி அந்த வேலையின் அளவுகோலாக இருந்தது.

சேகரிப்பாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழிவுக்கு அவர்கள் அடிப்படைக் காரணம் அல்ல என்பதால் அவர்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நூறு பூச்சிகளே உள்ள கூட்டத்தில், முட்டையிடாத பெண் பூச்சிகள் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு போனாலும் அது பேரிழப்பு. பிரிட்டனில் இந்தப் பூச்சியைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். 2017ஆம் ஆண்டு ஒருவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் வேண்டும், காவலும் வேண்டும். காவலை மட்டும் வைத்துக்கொண்டு புல்லை மறந்ததுதான் முன்பு நடந்தது.

இந்த முறையை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புல்லை 3 செ.மீ.க்குக் கீழே வைத்திரு என்பது பிரிட்டனின் குளிருக்கான விதி. ஐரோப்பாவின் வெப்பமான பகுதிகளில் சபுலெட்டி உயரமான புல்லுக்குள்ளும் வாழும். அங்கே பெரிய நீலன் தைமுக்குப் பதிலாக ஒரிகானோ செடியில் முட்டையிடுவதும் உண்டு. அங்கே போய்ப் பிரிட்டனைப் போலப் புல்லை ஒட்ட மேய்த்தால் நன்மைக்குப் பதில் கேடு நேரலாம். பிரிட்டனிலேயே வெப்பம் ஏறி வருவதால், 1970களில் தேவைப்பட்டதைவிடச் சற்று உயரமான புல்லும் இப்போது ஏற்கத்தக்கதாகி வருகிறது. அதே வெப்பம் தைமைக் கருக்கும் வறட்சியையும் கொண்டுவருவதால், முழு வெயில் படாத சரிவுப் பகுதிகளையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில் 1970களில் அற்றுப்போன இரண்டு உறவினங்களைப் போலந்திலிருந்து கொண்டுவந்து 1990ஆம் ஆண்டு மீண்டும் குடியேற்றினார்கள். அவற்றுக்கு வேண்டியது ஈரப் புல்வெளி, வேறொரு செடி, வேறு மிர்மிக்கா எறும்புகள். அங்கே கேள்வி மேய்ச்சலைப் பற்றியதாக அல்லாமல், புல்லை எப்போது அறுப்பது என்பதைப் பற்றியதாக இருந்தது.

ஆகவே உங்கள் பகுதியில் அருகிவரும் ஒரு பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்டால், இடத்துக்கு உடனடி ஆபத்து இருந்தால் முதலில் அந்த நிலம் கட்டடமாகவோ உழவு வயலாகவோ மாறாமல் தடுங்கள். ஆனால் அங்கே நெடுங்காலமாக நடந்துவரும் மேய்ச்சல், அறுப்பு, சருகு எரிப்பு போன்ற எதையும் காரணம் தெரியாமல் நிறுத்திவிடாதீர்கள். அந்த நிலத்தில் மாடு மேய்த்தவர்களிடம், எந்த மாதம் மேய்த்தார்கள், எப்போதிலிருந்து விட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பூச்சியின் முட்டை முதல் சிறகு வரையிலான ஒவ்வொரு படியிலும் எத்தனை இழக்கப்படுகின்றன என்று குறைந்தது இரண்டு மூன்று பருவங்களாவது எண்ணுங்கள். அது சார்ந்திருக்கும் செடியையும் துணைப்பூச்சியையும், பொதுப்பெயரோடு நிறுத்தாமல், இனம் வரை கண்டறியுங்கள். இதற்கு அருகிலுள்ள கல்லூரியின் பூச்சியியல் துறையில் உருப்பெருக்கியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் கிடைப்பார்கள். இழப்பு எந்தப் படியில் குவிகிறது என்று தெரிந்த பிறகுதான், வேலி வேண்டுமா, வேண்டுமென்றால் கால்நடை அதற்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய முடியும்.